14,391ஆம் நாள்

பாயான் லெப்பாசில் என் வேலை
சில்லுகளைச் சாகடிப்பது.
நூற்றிருபத்தைந்து டிகிரி அடுப்பில்
எழுபத்தேழு சில்லுகளை அடுக்கி
ஆயிரம் மணி நேரம் மின்சாரம் ஊட்டி
எது எப்போது விழுகிறது என்று
ஏட்டில் குறிப்பது.

ஒரே தகட்டில் பிறந்தவை, ஒரே கீறல்.
ஒன்று இருநூறாம் மணியில் போகும்.
பக்கத்தில் இருப்பது
அடுப்பை அணைத்த பிறகும் ஓடும்.
ஏன் என்று கேட்டால்
பொறியாளர் ஹோக் செங் கோப்பியை உறிஞ்சுவார்:
"உள்ளே கீறல் மட்டுமா இருக்கு?"

விழாத சில்லுக்கு நேரம் எழுத மாட்டோம்.
ஆயிரம் என்று போட்டு
வலப்பக்கம் ஓர் அம்பு.
இதுவரை இல்லை. மேலே தெரியாது.

மருத்துவமனை மூன்றாம் மாடியில்
மரபணு ஆலோசகர் நூருல் சொன்னார்:
பதின்மூன்றாம் குரோமோசோமில்
ஓர் எழுத்து விழுந்திருக்கிறது,
உங்கள் அக்காவுக்கு விழுந்த அதே இடத்தில்.

அக்கா தமிழாசிரியை.
"ஒற்று விட்டுப் போச்சுடி, அவ்வளவுதான்" என்றாள்
மூன்றாவது கீமோவுக்குப் பிறகு,
தலைக்குத் துணி சுற்றிக்கொண்டே.
"சிவப்பு மையில வட்டம் போட முடியாத இடம்."

அத்தைக்கு அறுபத்தொன்றில் வந்தது.
அக்காவுக்கு முப்பத்தொன்பதில்.
எனக்கு?

நூருல் ஒரு கோடு வரைந்தார்.
பினாங்கு மலை ரயில்போல ஏறும் கோடு.
எந்த நிறுத்தம் என்னுடையது என்று
அதில் எழுதியிருக்கவில்லை.
பெரிய பிழை ஒன்றுதான், என்றார்.
அதைச் சுற்றி நூற்றுக்கணக்கில் சின்ன மாற்றங்கள்.
சில முடுக்கும், சில இழுத்துப் பிடிக்கும்.
அவற்றில் அக்காவும் நீங்களும்
ஏறக்குறைய பாதிதான் ஒன்று.
எல்லாவற்றையும் படிக்க
எங்களுக்கே இன்னும் தெரியாது.

கடைசி வாக்கியத்தை உடனே நம்பினேன்.

அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில்
முப்பது வருடம் பாரந்தூக்கி ஓட்டியவர்.
அவர் வழியாக வந்தது என்றதும்
"எனக்கு ஒன்னும் ஆகலையே" என்றார்,
திருடிவிட்டு அகப்பட்டவர்போல.
ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காசு சுண்டல்.
இரண்டு முறையும் அதே பக்கம்.
அன்றிலிருந்து அவர்
கடையில் மீதிச் சில்லறையை
எண்ணாமல் வாங்கிக்கொள்கிறார்.

ஓர் இரவு ஷிப்டில்
சில்லுகளின் அட்டவணைக்கு ஓரத்தில்
அக்கா பிறந்த தேதியைப் போட்டேன்.
அந்த வெள்ளிக்கிழமையைப் போட்டேன்.
கழித்துப் பார்த்தேன்.
பதினான்காயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.
என் பிறந்த நாளோடு கூட்டினால்
இன்று.

இன்று காலை ரொட்டி சானாய் பசியாறினேன்.
மழை. தொழிற்சாலை பஸ் சுங்கை ஆராவில் தாமதம்.
போன மாத எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் இல்லை.
ஆனாலும் சோப்புப் போடும் கை
இடப்பக்கம் ஒரு சுற்று கூடுதலாகப் போனது.
முன்கூட்டியே அகற்றிவிடலாம் என்ற படிவம்
பைக்குள் இருக்கிறது,
சம்பளச் சீட்டுக்கும் குடைக்கும் நடுவே,
கையெழுத்தில்லாமல் ஈரமாகி.
என் மகள் தேனருவிக்குப் பதினேழு.
அவளுக்குச் சுண்டிய காசு
எந்தப் பக்கம் விழுந்தது என்று
யாரும் இன்னும் குனிந்து பார்க்கவில்லை.
அவள் கேட்கட்டும் என்று இருக்கிறேன்.
கேட்காமல் இருக்கட்டும் என்றும்.

இரவு பதினொன்றே காலுக்கு அக்கா அழைத்தாள்.
"இன்னைக்குத்தானே?"
என்ன இன்னைக்கு, என்றேன்.
"நடிக்காதே. நானும் எண்ணி வெச்சிருக்கேன்,
பள்ளிக்கூட டைரியில."
அப்புறம் இருவரும்
அவள் வீட்டு மின்விசிறிச் சத்தத்தைக்
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"நாளைக்கு வா. தோசை சுடுறேன்.
எட்டு மணிக்குள்ள பாலத்துல ஏறிடு,
அப்புறம் ஜாம் ஆயிடும்.
வரும்போது தேங்காய் ஒன்னு.
துருவினது வேணாம், புளிச்சிடுது."

சரி என்றேன்.
வைத்த பிறகுதான் பார்த்தேன்:
மின்கட்டண ரசீதின் பின்னால்,
பேசிக்கொண்டே,
தேங்காய் 1 என்று எழுதி
பக்கத்தில் ஓர் அம்பு போட்டிருக்கிறேன்.